செடிகளுக்குப் பெயர் எழுதி வைத்தவர்

தாவரவியல் வகுப்பில் செடிகளைப் பறித்து, பழைய செய்தித்தாளின் நடுவே வைத்து உலர்த்தி, தாளில் ஒட்டி, அடியில் பெயரும் இடமும் தேதியும் எழுதி வரும்படி ஆசிரியை பணிக்கும்போது நம்மில் பலர் முணுமுணுப்பதுண்டு. காய்ந்த சருகுக்கு இத்தனை மரியாதையா என்று கேட்டவர்களும் நம்மிடையே உண்டு. அந்தக் கேள்விக்கு விடையாக அமைந்த ஒரு வாழ்க்கையை இங்கே காண்போம். அவர் பெயர் ஐசக் பெய்லி பால்பர்.

1853-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பால்பர் பிறந்தார். தந்தை ஜான் ஹட்டன் பால்பர் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். நகரின் அரச தாவரவியல் பூங்காவின் தலைவரும் அவரே. ஆகவே செடி கொடிகள் சூழ்ந்த இல்லத்தில் சிறுவன் வளர்ந்தான். தந்தை வழியைத் தனயனும் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

1874-ஆம் ஆண்டு டிசம்பரில் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்து செல்லும் அரிய காட்சி நிகழவிருந்தது. அதைக் காண உலகின் பல மூலைகளுக்கும் வானநூலார் புறப்பட்டனர். இந்துமாக் கடலில், மொரீஷியசுக்குக் கிழக்கே சுமார் 560 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரோட்ரிக்ஸ் என்னும் சிறு தீவுக்கும் ஒரு குழு சென்றது. அக்குழுவுடன் இயற்கை ஆய்வுக்காகச் சென்றவர்களில் பால்பரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 21. மற்றவர்கள் வானத்தை அளக்க, அவர் மண்ணைப் பார்த்தார்.

அந்த மண்ணின் கதை சோகமானது. 1691-ஆம் ஆண்டு அங்கே கரையிறங்கிய லெகுவா என்ற பிரெஞ்சு நாட்டு அகதி, தீவெங்கும் மரங்கள் அடர்ந்திருந்ததையும், மாபெரும் நில ஆமைகள் கூட்டங்கூட்டமாய் உலவியதையும், சாலிட்டேர் எனப்படும் பறக்க இயலாத பறவையையும் பற்றி எழுதியுள்ளார். பின்னால் வந்த கப்பல்காரர்கள் ஆமைகளை இறைச்சிக்காக ஆயிரக்கணக்கில் அள்ளிச் சென்றனர். பறவை அடியோடு மறைந்தது. மரங்கள் தீக்கிரையாயின, எஞ்சிய தளிர்களை ஆடுமாடுகள் மேய்ந்தன. பால்பர் சென்றபோது பெரும்பகுதி வறண்ட மேடாகவே கிடந்தது. ஆயினும் அவர் பாறை இடுக்கிலும் பள்ளத்தாக்கிலும் எஞ்சி நின்ற செடிகளைத் தேடினார். ஒவ்வொன்றையும் பறித்து உலர்த்தி, உருவமும் இடமும் குறித்துக்கொண்டார். வேறெந்த நாட்டிலும் காணக்கிடைக்காத செடிகள் அவற்றுள் பல இருந்தன.

அவற்றுள் ஒன்று, தீவு மக்கள் காஃபே மாரோன், அதாவது காட்டுக் காப்பி என்று அழைத்த புதர்ச்செடி. காப்பிச் செடிக்கு உறவான இதற்கு விண்மீன் போன்ற வெண்ணிறப் பூக்கள். இளஞ்செடியின் இலை நீண்டு ஒடுங்கிப் பழுப்பேறியிருக்கும். வளர்ந்த பின் வரும் இலையோ அகன்று பசுமையாயிருக்கும். ஆமைகளின் கண்ணில் படாமல் தப்பவே இளமையில் இவ்வாறு வேடம் பூணுகிறது என்று இன்றைய அறிஞர் பலர் கருதுகின்றனர். இந்த இலை வேறுபாட்டையே பெயராகச் சூட்டி, 1877-ஆம் ஆண்டு பால்பர் அச்செடியின் வருணனையை வெளியிட்டார்.

1880-ஆம் ஆண்டு அவர் மற்றொரு தீவுக்குப் பயணமானார். அரபிக் கடலிலுள்ள சொகோத்ரா அது. வெயிலும் வறட்சியும் மிக்க அத்தீவிலிருந்து அவர் கொண்டுவந்த செடிகளுள் 200-க்கும் மேற்பட்டவை அறிவியல் உலகுக்குப் புதியவை. அவற்றுள் ஒன்று நமக்கு உறவுக்காரி போன்றது. நம் வீட்டுத் தோட்டத்து மாதுளைக்கு உலகில் ஒரே ஓர் உடன்பிறப்பு உண்டு; அது சொகோத்ராவில் மட்டும் வளரும் காட்டு மாதுளை. அதற்கு அறிவியல் பெயரிட்டவரும் பால்பரே. அங்கிருந்து வந்த பிகோனியாச் செடி ஒன்று ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகளில் செழித்தது. பின்னர் குளிர்காலத்தில் பூக்கும் பல பிகோனியா வகைகளுக்குத் தாயாகவும் விளங்கியது. ஆக, பால்பர் ஏட்டில் எழுதியதோடு நிற்கவில்லை, வளர்த்தும் காட்டினார்.

கிளாஸ்கோவிலும் ஆக்ஸ்போர்டிலும் பேராசிரியராக விளங்கிய அவர், 1888-ஆம் ஆண்டு தந்தை வகித்த எடின்பரோ பதவியை ஏற்றார். பூங்காவைச் சீரமைத்தார்; தோட்டப் பணியாளருக்குக் கல்வியளிப்பதில் ஆர்வங்காட்டினார்; சீன நாட்டு மலைகளிலிருந்து வந்த எண்ணற்ற செடிகளை ஆராய்ந்து பெயரிட்டார்.

1914-ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. பூங்காவின் பணியாளர் பலர் போர்முனைக்குச் சென்றனர். காயங்களுக்குக் கட்டுப்போடப் பஞ்சு போதவில்லை. சதுப்பு நிலங்களில் வளரும் ஒருவகைப் பாசி பஞ்சைவிடப் பன்மடங்கு நீரை உறிஞ்சும் என்பதால் அதனைப் பயன்படுத்தலாம் என்று ஓர் அறுவை மருத்துவருடன் சேர்ந்து பால்பர் எடுத்துரைத்தார். எந்தப் பாசியினம் சிறந்தது என்றும் காட்டினார். ஊர் ஊராய் மக்கள் பாசி திரட்டினர். ஆனால் அவருடைய ஒரே மகன் 1915-ஆம் ஆண்டு கலிப்போலிப் போர்க்களத்தில் உயிர்நீத்தான். எத்தனையோ பெற்றோரின் பிள்ளைகளுடைய காயத்தை ஆற்றத் துணைநின்றவருக்குத் தம் பிள்ளையைக் காக்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. அதன் பின்னும் ஏழாண்டுகள் அவர் பூங்காவின் பொறுப்பைச் சுமந்தார். 1922-ஆம் ஆண்டு ஓய்வுபெற்று, அதே ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் காலமானார்.

கதை இத்துடன் முடியவில்லை. ரோட்ரிக்ஸ் தீவின் காட்டுக் காப்பி அழிந்தேபோயிற்று என்று தாவரவியலார் முடிவு கட்டியிருந்தனர். 1980-ஆம் ஆண்டையொட்டி அத்தீவின் பள்ளி ஆசிரியர் ஒருவர், ஊர்ப்புறத்தில் வளரும் செடிகளைத் தேடிக் கொண்டுவருமாறு மாணவர்களிடம் கூறினார். ஒரு சிறுவன் ஒரு கிளையைக் கொணர்ந்தான். அது பால்பர் குறித்துவைத்த அந்தக் காட்டுக் காப்பி வகையைச் சேர்ந்தது! உலகில் மிஞ்சியது அந்த ஒரே செடிதான். மருந்தென்று நம்பி மக்கள் அதை ஒடிக்கத் தொடங்கவே, சுற்றிலும் வேலி அடைத்துக் காக்க நேர்ந்தது.

1986-ஆம் ஆண்டு அதன் சில கிளைத் துண்டுகள் இலண்டனிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டன. ஒன்று வேர் பிடித்தது. அதிலிருந்து வேறு செடிகளும் பதியனாயின. பூக்கள் மலர்ந்தன, காய் மட்டும் வரவில்லை. ஒரே தாயின் கிளைகளாதலால் எல்லாம் ஒரே செடிதானே! விதையில்லாமல் மரபு தழைப்பதெங்ஙனம்? ஆண்டுகள் பல கடந்தன. 2003-ஆம் ஆண்டளவில் கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்ட வல்லுநர் சூலகமுடியின் நுனியை மெல்ல நறுக்கி, அங்கே மகரந்தத்தை வைத்துப் பார்த்தார். மீண்டும் மீண்டும் முயன்றபின் ஒரு காய் பிடித்தது; விதையும் கிடைத்தது. நாளடைவில் நாற்றுகள் வளர்ந்து, தாய்த்தீவின் மண்ணுக்கே திரும்பின.

இந்தக் கதையில் மூவரைக் காண்கிறோம். ஒருவர் எழுதி வைத்தார்; ஒருவன் தேடிக் கொணர்ந்தான்; ஒருவர் வளர்த்துக் காட்டினார். இம்மூவரில் நடுவில் நிற்பவன் நம்மைப் போன்ற பள்ளிப் பிள்ளை. 21 வயது இளைஞர் ஒருவர் வெயிலில் அலைந்து எழுதிய குறிப்பு, நூறாண்டுக்குப் பின்னும் பயன் தந்தது. பெயரும் குறிப்பும் இல்லாதிருந்தால், அச்சிறுவன் கையிலிருந்தது வெறும் கிளை. யாரும் அதற்கு வேலி கட்டியிருக்க மாட்டார்கள்.

தோழியரே, அடுத்த முறை செடித்தாளின் அடியில் பெயரும் இடமும் தேதியும் எழுதும்போது நாம் முணுமுணுக்க வேண்டாம். நம் ஊர்க் குளக்கரையிலும் குன்றோரத்திலும் பெயர் தெரியாமல் நிற்கும் செடிகள் எத்தனையோ. அவற்றுள் ஒன்றையேனும் அறிந்து, எழுதி, நட்டு வளர்ப்போம். அதன் பயனைக் காண நாம் இருப்போமோ, இல்லையோ, செடி இருக்கும்.