கட்டளையை வென்ற நட்பு

கார்ப் பந்தயத்தில் ஓர் அணிக்காக இருவர் கார் ஓட்டுவர். சில வேளைகளில், முன்னே செல்பவர் தம் அணித்தோழருக்கு வழிவிட வேண்டும் என்று தலைமை கட்டளையிடும். அணியின் வெற்றிக்காகவே அக்கட்டளை இடப்படுகிறது. ஆனால், அணிக்கே கேடு தரும் கட்டளை வந்தால் என்ன செய்வது? கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சன்ட்டின் வாழ்வில் அத்தகைய சோதனை ஒன்று நேர்ந்தது.

நாம் வாழும் இம்மும்பை மாநகரில், 1911 அக்டோபர் 12 அன்று அவர் பிறந்தார். பஞ்சாலைகள் நடத்திய தாக்கர்சி குடும்பம் அவருடையது. பள்ளியில் சேர்ந்தபோது தலைமையாசிரியை அவர் பெயரையும் தந்தையின் தொழிலையும் வினவினார். வணிகர் எனப் பொருள்படும் 'மெர்ச்சன்ட்' என்ற சொல்லையே பெயராக எழுதிக்கொண்டார் என்பர். அதுவே நிலைத்தது.

1936ஆம் ஆண்டு இந்திய அணி இங்கிலாந்து சென்றது. விஜயநகரம் மகாராஜ்குமார் அதன் தலைவர். மெர்ச்சன்ட்டின் புகழ் அவருக்கு உவப்பாக இல்லை. மான்செஸ்டர் டெஸ்ட் ஆட்டத்தில் இங்கிலாந்து 368 ஓட்டங்கள் முன்னிலை பெற்றது. இரண்டாம் இன்னிங்ஸைத் தொடங்க மெர்ச்சன்ட்டும் இந்தூர் வீரர் முஷ்டாக் அலியும் புறப்பட்டனர். மெர்ச்சன்ட்டை ரன் அவுட் ஆக்கிவிடுமாறு தலைவர் முஷ்டாக்கிடம் மறைவாகப் பணித்தார் என்று கூறுவர். ஓடும்போது ஒருவர் பாதியில் தம் எல்லைக்கே திரும்பிவிட்டால் போதும். மற்றவர் ஆட்டமிழக்க நேரும். முஷ்டாக்கோ அதனைத் தோழரிடமே கூறிவிட்டார். இருவரும் நகைத்தனர், ஒருவரையொருவர் நம்பி ஓடினர்.

முதல் விக்கெட் வீழுமுன் 203 ஓட்டங்கள் குவிந்தன. முஷ்டாக் 112, மெர்ச்சன்ட் 114 ஓட்டங்கள் எடுத்தனர். அயல்நாட்டில் டெஸ்ட் சதம் அடித்த முதல் இந்தியர் என்னும் பெருமை முஷ்டாக்கைச் சேர்ந்தது. இந்தியா தோல்வியிலிருந்து தப்பியது.

மெர்ச்சன்ட் 1951இல் தில்லியில் ஆடிய தம் இறுதி டெஸ்டில் 154 ஓட்டங்கள் எடுத்தார். பின்னாளில் தேர்வுக்குழுத் தலைவராக விளங்கினார். மாற்றுத்திறனாளிகளின் நல்வாழ்வுக்காகவும் உழைத்தார். 1987இல் மறைந்தார். 16 வயதுக்கு உட்பட்ட சிறுவர் ஆடும் தேசியக் கோப்பை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தலைமைக்குப் பணிதல் நன்று. அணியின் நலம் காத்தல் அதனினும் நன்று.

பொருள் அறிக
உவப்பு – மகிழ்ச்சி
வினவுதல் – கேட்டல்
பணித்தல் – கட்டளையிடுதல்

விடை எழுதுக
1. விஜய்க்கு 'மெர்ச்சன்ட்' என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
2. முஷ்டாக் அலி தலைவரின் சொல்லைக் கேட்டிருந்தால் அணிக்கு என்ன நேர்ந்திருக்கும்?
3. எத்தகைய கட்டளைக்கு நாம் பணியலாம்? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.