கடல் கடந்தார், கற்றார், திரும்பினார்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலே இரவு ஷிப்ட் முடித்து, கண் சிவக்க வீடு திரும்பும் தோழர் ஒருவர், தன் மகனைக் கடல் கடந்த நாட்டுக்குப் படிக்க அனுப்பப் போவதாகச் சொன்னால், இன்று எவரும் வியப்பதில்லை. வங்கிக் கடன் உண்டு. ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு அரசு தரும் அயலகக் கல்வி உதவி உண்டு. திருவள்ளூரிலும் பொன்னேரியிலும் பெட்டி கட்டும் இளைஞர்களைப் பார்க்கிறோம், பூரிக்கிறோம். வழியனுப்பும் தாயின் நெஞ்சிலே மட்டும் ஒரு கேள்வி: பிள்ளை திரும்பி வருவானா?

நாம் கேட்க விரும்புவது அதற்கு அடுத்த கேள்வி. திரும்பி வருகிறவன் எதைக் கொண்டு வருகிறான்? பட்டத்தை மட்டுமா? பவுனை மட்டுமா? நூறாண்டுக்கு முன்பே இதற்கு விடை சொல்லிச் சென்ற ஒருவர் உண்டு. அவர் பெயரை நம் மேடைகளிலே முழங்குகிறோம். ஆனால், ஆலைத் தொழிலாளிக்காக அவர் செய்ததை நம்மிலே பலர் அறியோம். டாக்டர் டி.எம். நாயர்!

1868ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள், பாலக்காட்டுப் பக்கத்திலே பிறந்தவர் மாதவன் நாயர். மலபார் அன்று சென்னை மாகாணத்தோடு இருந்தது. தந்தையார் முன்சீப். பாலக்காட்டிலே பள்ளி, சென்னை மாநிலக் கல்லூரியிலே மேற்படிப்பு, பிறகு மருத்துவக் கல்லூரி. அங்கிருந்து ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ! கடல் தாண்டினால் தீட்டு, திரும்பினால் பிராயச்சித்தம் என்று சாத்திரம் பேசியோர் செல்வாக்கோடு வாழ்ந்த காலம் அது. தாண்டினார் நாயர். 1894இல் மருத்துவப் பட்டம், 1896இல் எம்.டி. காது, மூக்கு, தொண்டை மருத்துவத்திலே தேர்ச்சி பெறப் பாரிசும் சென்றார்.

பாடப் புத்தகத்தோடு அவர் நிற்கவில்லை. எடின்பரோவிலே இந்திய மாணவர் சங்கப் பணி. லண்டனிலே தாதாபாய் நௌரோஜியின் வட்டத்தோடு தொடர்பு. சங்கம் எப்படி நடக்கிறது, பாராளுமன்றம் எப்படி வாதிடுகிறது, எதிர்க்கருத்தை எப்படிப் பதிவு செய்கிறார்கள் என்பதையெல்லாம் அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அந்த நாட்டிலே 1847ஆம் ஆண்டே, பெண்களும் இளைஞர்களும் நெசவாலையிலே பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது என்று சட்டம் வந்துவிட்டது!

1897இல் சென்னை திரும்பினார். பெரிய டாக்டர், பெரிய வருமானம். போதும் என்று இருந்திருக்கலாம். இருந்தாரா? 1904 முதல் 1916 வரை, திருவல்லிக்கேணியின் பிரதிநிதியாகச் சென்னை மாநகராட்சியிலே அமர்ந்தார். ஆண்டிசெப்டிக் என்ற மருத்துவ ஏட்டை நடத்தினார். அந்த ஏட்டிலே வந்த கட்டுரைக்காக அன்னிபெசன்ட் அம்மையார் வழக்குத் தொடுத்ததும், தோற்றதும் தனிக்கதை; சுவையான கதைதான், இன்னொரு நாள் பேசலாம்.

தோழர்களே, நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் 1908. இந்திய ஆலைகளின் நிலை குறித்து ஆராய அரசு ஒரு கமிஷன் அமைத்தது. தலைவர், மாரிசன் என்ற வெள்ளை அதிகாரி. நாயரும் ஓர் உறுப்பினர். மின்விளக்கு வந்த காலம்! விளக்கு வந்தால் தொழிலாளிக்கு வெளிச்சம் வந்திருக்க வேண்டும். வந்ததோ, கூடுதல் வேலை! சூரியன் மறைந்தால் நின்ற எந்திரம், இப்போது 14 மணி, 15 மணி நேரம் என ஓடியது. கமிஷனில் பெரும்பான்மையினர் பார்த்தனர், பரிதாபமும் பட்டனர். ஆனாலும், வயது வந்த ஆணின் உழைப்பு நேரத்துக்குச் சட்டம் நேரடியாக எல்லை போடலாகாது என்று எழுதிவிட்டனர். விருப்பப்பட்டு உழைக்கிறானாம்! பசித்த வயிற்றுக்கு ஏதய்யா விருப்பம்?

நாயர் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு போகவில்லை. தனியே மறுப்புரை எழுதினார். உடற்கூறு கற்ற மருத்துவர் அவர். நீண்ட நேர உழைப்பு மனித உடலை எப்படி உருக்குலைக்கிறது என்பதை அறிந்தவர். ஆண் தொழிலாளிக்கும் சட்டம் எல்லை வகுத்தே தீர வேண்டும் என்றார். சென்னையிலே தொழிலாளர் சங்கம் பிறந்தது 1918இல். அதற்குப் பத்தாண்டு முன்பே எழுந்த குரல் இது. கொடி இல்லை, கோஷம் இல்லை, ஒற்றை மனிதனின் பேனா மட்டும்!

வீணாயிற்றா? இல்லை. 1911 சட்டம், நெசவாலைகளிலே ஆண்களுக்கும் 12 மணி நேரம் என்று எல்லை போட்டது. 1922இல் எல்லா ஆலைகளுக்கும் 11. 1934இல் 10. 1948இலே நாளுக்கு 9, வாரத்துக்கு 48. மணிக்கணக்கு ஒவ்வொன்றாகக் குறைந்த கதை இது. குறைந்தது மீண்டும் ஏறாது என்று எவரும் உறுதி தர முடியாது. 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நமது சட்டமன்றத்திலேயே நிறைவேறியது, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, சில நாள்களில் நிறுத்தி வைக்கப்பட்டது, திரும்பப் பெறப்பட்டதாக மே நாளிலே முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். கும்மிடிப்பூண்டி உருக்காலைச் சூட்டிலே நிற்கும் தோழருக்கு, எட்டு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் உள்ள வேறுபாட்டை நாம் விளக்க வேண்டியதில்லை.

பிறகு நடந்தது நாடறிந்தது. 1916இலே டெல்லி சட்டசபைத் தேர்தலில் தோற்றார் நாயர். மாநகராட்சியிலே அவரும் பிட்டி தியாகராயரும் எதிரும் புதிரும். இருவரையும் ஒரே மேடைக்குக் கொண்டு வந்தவர் டாக்டர் நடேசனார். வெளியூர்ப் பார்ப்பனரல்லாத மாணவர்க்குத் தங்க இடமில்லையே என்று திராவிடர் இல்லம் நடத்தியவர். அந்த ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் வேப்பேரியிலே கூடிய கூட்டத்திலிருந்து பிறந்ததே நீதிக்கட்சி. 1917 பிப்ரவரியிலே ஜஸ்டிஸ் ஏடு; ஆசிரியர் நாயர். அக்டோபரிலே ஸ்பர்டாங்கிலே ஆதிதிராவிடத் தோழர்களிடையே உரை.

1918இல் லண்டன் சென்றார். உடலிலே நீரிழிவு, உள்ளத்திலே பார்ப்பனரல்லாதார் உரிமை. மேடை ஏறலாகாது என்று தடை போட்டது ஆட்சி. படித்த நாட்டிலேயே வாய்ப்பூட்டு! நண்பர்கள் முயன்றனர், தடை நீங்கிற்று. பாராளுமன்ற உறுப்பினர்களிடமே வகுப்புவாரி உரிமையை எடுத்துரைத்தார். 1919இலும் அவர் பணி லண்டனிலேயே. சீர்திருத்தக் குழுவின் முன் சாட்சியம் சொல்லும் வேளை நெருங்கியது. சாவு முந்திக் கொண்டது. சூலை 17ஆம் நாள் மறைந்தார். வயது 51. இம்முறை அவர் திரும்பவில்லை.

அவர் கேட்டது திரும்பி வந்தது. சென்னைச் சட்டசபையிலே பார்ப்பனரல்லாதாருக்கு 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1920 தேர்தலிலே நீதிக்கட்சி வென்று ஆட்சி அமைத்தது. அதைக் காண அவர் இல்லை.

மாம்பலத்திலே இறங்கி, ரங்கநாதன் தெருவில் பண்டிகைத் துணி எடுக்கும் நம் தோழர்கள் சற்று நடந்தால், தியாகராயர் பெயரிலே ஒரு சாலை, நடேசனார் பெயரிலே ஒரு பூங்கா, அங்கே டாக்டர் நாயர் சாலையும் இருக்கிறது. படிக்கப் போகும் பிள்ளையை, விமானம் ஏற்றுமுன் ஒருமுறை அந்தப் பக்கம் அழைத்துப் போங்கள்.