அலெக்சாண்டர் ஃபிளெமிங்கும் மருந்து உணர்திறன் பரிசோதனையும்

பெனிசிலினைக் கண்டறிந்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்பதைப் பள்ளிப் பாடத்தில் அனைவரும் படித்திருப்போம். நோயாளிகள் கையில் பெறும் கல்ச்சர் பரிசோதனை அறிக்கைக்கும் அவருக்கும் உள்ள தொடர்பைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். சிறுநீர், சளி, இரத்தம், சீழ் ஆகியவற்றில் ஒன்றிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்ட நோய்க்கிருமியின் பெயர் அவ்வறிக்கையில் இருக்கும். அதன்கீழ் வரிசையாக மருந்துகளின் பெயர்களும், ஒவ்வொன்றின் எதிரே எஸ் அல்லது ஆர் என்ற எழுத்தும் காணப்படும். எஸ் எனில் அம்மருந்துக்கு அக்கிருமி கட்டுப்படும். ஆர் எனில் கட்டுப்படாது. கிருமியையும் மருந்தையும் ஒரே தட்டில் வைத்துச் சோதிக்கும் இம்முறையின் தொடக்கக்கால வடிவங்களுள் ஒன்று ஃபிளெமிங்கின் மேசையில் உருவானது.

அவர் 1881 ஆகஸ்ட் 6 அன்று ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் பகுதியில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். பதின்பருவத்தில் லண்டன் சென்று, ஒரு கப்பல் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் எழுத்தராகப் பணியாற்றினார். உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற சிறு தொகை கிடைத்த பிறகே, 1901இல் செயின்ட் மேரி மருத்துவமனையின் மருத்துவக் கல்லூரியில் சேர முடிந்தது. 1906இல் தேர்ச்சி பெற்றவர், அங்கேயே ஆல்ம்ரோத் ரைட் என்பாரின் ஆய்வுத் துறையில் இணைந்தார்.

முதல் உலகப் போரின்போது பிரான்சின் புலோன் நகரில் காயமுற்ற வீரர்களிடையே பணிபுரிந்தார். ஆழமான காயங்களில் ஊற்றப்பட்ட கிருமிநாசினிகள், காயத்தின் மூலைமுடுக்குகளில் ஒளிந்திருந்த கிருமிகளை எட்டவில்லை. மாறாக, உடலைக் காக்கும் வெள்ளையணுக்களை அழித்தன. இதை அவர் சோதனைகளால் நிறுவிக் காட்டினார். ஒரு மருந்து வலிமையானதா என்பதைவிட, அது எந்தக் கிருமியை, எவ்விடத்தில், எவ்வளவு தாக்குகிறது என்று பார்ப்பதே அவரது பிற்கால ஆய்வு முறையாயிற்று.

1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து திரும்பியவர், ஸ்டாஃபிலோகாக்கஸ் வளர்த்த தட்டு ஒன்றில் பூஞ்சை படர்ந்து, அதனைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருந்ததைக் கண்டார். இது பலரும் அறிந்த நிகழ்ச்சி. அதன்பின் அவர் செய்ததே நம் பொருளுக்கு முதன்மையானது. கிருமிகளை வளர்க்கும் அகார் தட்டின் குறுக்கே சிறு வாய்க்கால் வெட்டி, பூஞ்சை வளர்ந்த நீர்மத்தை அகாருடன் கலந்து அதில் நிரப்பினார். வாய்க்காலுக்குச் செங்குத்தாக, வெவ்வேறு கிருமிகளைக் கோடு கோடாக இழுத்தார். ஸ்டாஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், நிமோகாக்கஸ், டிஃப்தீரியா கிருமிகள் வாய்க்காலை நெருங்காமல் நின்றுவிட்டன. குடற்காய்ச்சல் கிருமியும் இன்ஃபுளுயன்சா பேசில்லஸ் எனப்பட்ட கிருமியும் வாய்க்கால் விளிம்பு வரை தழைத்து வளர்ந்தன. அந்நீர்மத்தை 800 மடங்கு வரை நீர்த்தும் ஸ்டாஃபிலோகாக்கஸின் வளர்ச்சி தடைப்பட்டதைக் கணக்கிட்டார். ஒரே மருந்து ஒரு கிருமியை அழிக்கும், மற்றொன்றைத் தொடாது என்பதை அத்தட்டு கண்ணெதிரே காட்டியது.

1929இல் வெளியான அவரது கட்டுரை, பெனிசிலினை இன்ஃபுளுயன்சா பேசில்லசைப் பிரித்தெடுக்க உதவும் ஆய்வகப் பொருளாகவே தலைப்பில் முன்வைத்தது. பிற கிருமிகளைப் பெனிசிலின் அடக்கிவிட, தேவையான கிருமி மட்டும் வளரும். அடுத்த பத்தாண்டுகளில் பெரும்பாலும் அதன் பயன் இதுவாகவே இருந்தது. மருந்தாக்குவதில் இருந்த இடர், அதன் நிலையின்மை. அவருடைய உதவியாளர்கள் செறிவூட்ட முயன்றபோதெல்லாம் அது வீரியம் இழந்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் 1940இல் அதனைத் தூய்மைப்படுத்தி எலிகளில் சோதித்தனர். கிருமி பரப்பிய தட்டில் சிறு உருளைகளை நிறுத்தி, அவற்றில் பெனிசிலினை ஊற்றி, சுற்றிலும் தோன்றும் வளையத்தை அளந்து வீரியத்தைக் கணக்கிடும் முறையை ஹீட்லி வகுத்தார். 1944இல் பெனிசிலினுக்குப் பன்னாட்டு அலகு நிறுவப்பட்டது. அளவு தெரியாத மருந்தை வைத்துக் கிருமியைச் சோதிப்பது, படிக்கல் இல்லாத தராசில் நிறுப்பதற்கு ஒப்பாகும்.

1942 ஆகஸ்டில் ஃபிளெமிங்கின் நண்பர் ஒருவர் மூளையுறை அழற்சியால் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். சல்ஃபா மருந்து பயன் தரவில்லை. தண்டுவட நீரிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை வளர்த்தெடுத்த ஃபிளெமிங், தம்மிடமிருந்த தூய்மை குறைந்த பெனிசிலினைக் கொண்டு அதனைச் சோதித்தார். கிருமி கட்டுப்பட்டது. அதன் பிறகே தூய மருந்தை ஃபுளோரியிடம் வேண்டிப் பெற்றார். தசையில் மட்டும் செலுத்தியது போதாதெனக் கண்டு, தண்டுவடத்தினுள்ளும் செலுத்தினார். நண்பர் சில வாரங்களில் நலமடைந்து வீடு திரும்பினார். சோதனை முதலில், மருந்து பின்னர் என்ற வரிசையே இன்றைய அறிக்கைகளிலும் உள்ளது.

இன்று அந்த வாய்க்காலின் இடத்தில் 6 மில்லிமீட்டர் அகல வடிதாள் வில்லைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட அளவு மருந்து ஏற்றப்பட்டிருக்கும். பெனிசிலின் வில்லையில் 10 அலகுகள். கிருமி பரப்பிய தட்டில் வில்லைகளை வைத்து, 35 பாகை செல்சியசில் 16 முதல் 18 மணி நேரம் வைத்திருந்து, வளையத்தின் விட்டத்தை அளப்பார்கள். நோயாளியின் உறவினர் சிலர், தாங்கள் வாங்கிய மாத்திரையையே பொடித்துச் சோதிக்கக் கூடாதா என்று என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் மாத்திரையில் மருந்துடன் மாவும் பிணைப்புப் பொருள்களும் கலந்திருக்கும்; அவை கரைதலையும் அளவையும் மாற்றிவிடும். ஆகவே ஆய்வகங்கள் வீரியம் குறிக்கப்பட்ட தூய மருந்துப் பொடியையோ, தரச்சான்று பெற்ற வில்லைகளையோ வாங்குகின்றன. குளிரிலும் ஈரமின்றியும் வைக்கின்றன. இயல்பு நன்கு அறியப்பட்ட கிருமி ஒன்றைக் கொண்டு அவற்றை அவ்வப்போது சரிபார்க்கின்றன. ஈரம் புகுந்த வில்லை வீரியமிழந்தால், கட்டுப்படும் கிருமியும் கட்டுப்படாததாகத் தோன்றும்.

இயன்றவரை, ஆன்டிபயாடிக் மருந்தின் முதல் வேளைக்கு முன்பே மாதிரியைக் கொடுங்கள். ஏற்கெனவே உட்கொண்டிருந்தால், அதன் பெயரை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். தட்டில் கிருமி வளராமல் போக அதுவே காரணமாகலாம். நோய் கடுமையாக இருப்பின் அறிக்கைக்குக் காத்திராமல் சிகிச்சை தொடங்கப்படும். அறிக்கை வந்தபின் மருந்து மாற்றப்படலாம். எஸ் என்று குறித்த மருந்துகளில் எதுவும் ஏற்றது என்று கொள்ளற்க. நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரில் செறியும். இரத்தத்தில் பரவிய தொற்றுக்கு அது பயன்படாது.

1945இல் ஃபுளோரி, செயின் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்ற ஃபிளெமிங், தமது ஏற்புரையில் ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்காட்டினார். தொண்டைவலிக்குக் கணவர் தாமாகவே குறைந்த அளவு பெனிசிலின் உட்கொள்கிறார்; அவரிடம் பழகித் தப்பிய கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது; அவரைப் பெனிசிலினால் காப்பாற்ற இயலவில்லை. 1955 மார்ச் 11 அன்று ஃபிளெமிங் லண்டனில் மாரடைப்பால் காலமானார். அதற்குள் பல மருத்துவமனைகளில், அவருடைய 1928ஆம் ஆண்டுத் தட்டில் அழிந்த அதே ஸ்டாஃபிலோகாக்கஸ் இனத்தின் பெரும்பகுதி பெனிசிலினைக் கடந்து வளரத் தொடங்கியிருந்தது.