காவலும் கேடும் கண்ட மேதை

உடலுக்குள்ளே ஒரு படை இருக்கிறது. யாரும் ஆணையிடாமலே அது புறப்படும், பகை நுழைந்த இடத்தைச் சூழும், விழுங்கிச் செரித்துவிடும். அந்தப் படையை உலகுக்குக் காட்டியவர் இலியா மெச்னிக்காவ். நோயும் சாவும் அவர் வீட்டு வாயிலிலேயே நின்றன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இன்றைய உக்ரைன் நாட்டில், கார்க்கோவ் நகரை அடுத்த சிற்றூரில் 1845-இல் பிறந்தார். 1869-இல் அவர் மணந்த லுத்மிலா காசநோயாளி. திருமணத்துக்கே அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. 1873-இல் மதீராத் தீவில் அந்த அம்மையார் மறைந்தார். மனமுடைந்த மெச்னிக்காவ் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். இரண்டாம் மனைவி ஓல்காவை 1880-இல் டைபாய்டு வாட்டியது. மறு ஆண்டு மெச்னிக்காவ் தம் உடலிலேயே காய்ச்சல் நோயாளியின் குருதியை ஏற்றிக்கொண்டு, சாவின் விளிம்புவரை சென்று மீண்டார்.

பல்கலைக்கழகப் பதவியைத் துறந்து, 1882-இல் இத்தாலியின் மெசினா நகருக்குச் சென்றார். கண்ணாடி போன்ற விண்மீன் இளம்புழுவின் உடலில் முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாட் காலை என்ன கண்டார்? நகரும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன! அமீபா உணவை விழுங்கும் அதே முறைதான், உயிர்கள் வளர்ச்சியுற்றபோது காவல் முறையாயிற்று என்று அவர் முடிவு கட்டினார்.

எதிர்ப்பு எழாமலா இருக்கும்? காப்பது உயிரணு அன்று, குருதிநீரே என்றனர் ஜெர்மானிய அறிஞர் பலர். பாரிசில் பாஸ்டர் தம் நிலையத்தில் அவருக்கு இடமளித்தார். 1908-இல் நோபல் பரிசு மெச்னிக்காவுக்கும், குருதிநீர்க் கொள்கையின் பெருந்தலைவரான எர்லிக்குக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. இரண்டும் உண்மை என்பதே இன்றைய அறிவியலின் தீர்ப்பு.

விழுங்கும் அணுக்களைக் கொண்டாடிய அவரே, முதுமையில் அவை சொந்த உடலையே அரிக்கின்றன என்றும் எழுதினார். அவர் சொன்ன விவரமெல்லாம் நிலைக்கவில்லை. காவலனே கேடும் செய்வான் என்ற கருத்து நிலைத்தது. 2020-இல் கொரோனா கடுமையாகத் தாக்கியவர் பலரின் நுரையீரலைக் கிருமி மட்டுமா சிதைத்தது? அடங்க மறுத்த அழற்சியும் சேர்ந்தன்றோ சிதைத்தது! அதனால்தான் அழற்சியை அடக்கும் டெக்சாமெதாசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் சாவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று அவ்வாண்டே பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது.

இத்தகைய படையைப் பரிணாமம் ஏன் விட்டுவைத்தது? தொற்று முந்துமானால் உயிர் இல்லை. தயங்கும் காவலைவிட மிஞ்சும் காவல் மேல். பலர் பிழைத்து மக்களைப் பெற்றனர். சிலர் அதற்கு விலையாயினர். இயற்கை கணக்குப் பார்க்குமே தவிரக் கருணை பார்ப்பதில்லை. கருணை காட்ட வேண்டியது மருத்துவம்.

எதிர்ப்புச் சக்தியைப் பெருக்குவோம் என்று பொடியும் பானகமும் விற்போர் இன்று ஏராளம். பெருக்கினால் மட்டும் போதுமா என்று அவர்களைக் கேட்கிறோம். வேண்டியபோது எழவும், வேலை முடிந்தபின் அடங்கவும் தெரிந்த படையே நல்ல படை. 1916-இல் பாரிசில் மறைந்த மெச்னிக்காவின் சாம்பல், பாஸ்டர் நிலைய நூலகத்தில் இருக்கிறது. அவர் விட்டுச் சென்ற பாடம் நம்மிடம் இருக்கட்டும்.