படியில் கால் வைத்தபோது

குறுக்கெழுத்துப் புதிரில் ஒரு மணி நேரம் போராடியும் அகப்படாத சொல், பேனாவை மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனதும் தானே வந்து நிற்கும். நம் அங்கத்தினர்கள் பலருக்கும் இது பழக்கமான அனுபவமே. அப்போதெல்லாம் எனக்குக் கணித மேதை ஹென்றி பாயின்கரே ஞாபகம் வருவார். பி.எஸ்ஸி. படித்த நாளில் கேள்விப்பட்ட பெயர். அவரும் என்னைப் போல் அரசாங்க உத்தியோகத்தில் தொடங்கியவர் என்பதில் எனக்கு ஓர் அல்ப சந்தோஷம்!

1854-ல் பிரான்சின் நான்சி நகரில் பிறந்தார். ஐந்து வயதில் டிப்தீரியா கண்டு மாதக்கணக்கில் பேச்சின்றி இருந்தார். பின்னர் சுரங்க இன்ஜினீயரானார். 1879 செப்டம்பரில் மாக்னி சுரங்கம் வெடித்தபோது தானே உள்ளே இறங்கி, பிக்காஸ் பட்டு ஓட்டை விழுந்த ஒரு விளக்கே காரணம் என்று கண்டறிந்து அறிக்கை எழுதினார். அந்த ஆண்டே கான் நகரில் கணிதம் போதிக்கப் போய்விட்டார்.

அங்கே ஒரு வகை ஃபங்ஷன் இருக்கவே முடியாது என்று நிரூபிக்கப் பதினைந்து நாள் தினமும் மேஜை முன் உட்கார்ந்தார். பலனில்லை. ஓர் இரவு வழக்கத்துக்கு மாறாகப் பால் விடாத காப்பி குடித்துவிட்டுத் தூக்கமின்றிக் கிடந்தார். விடிவதற்குள், அத்தகைய ஃபங்ஷன் உண்டு என்றே தெரிந்துவிட்டது. (காப்பிப் பிரியர்கள் கவனிக்க!) பிறகு நிலவியல் சுற்றுலா ஒன்றில் கூட்டான்ஸ் என்ற ஊரில் வண்டிப் படியில் கால் வைத்த கணத்தில், அந்த ஃபங்ஷன்களுக்கும் யூக்ளிடுக்கு அப்பாற்பட்ட ஜியோமிதிக்கும் உள்ள ஒற்றுமை பளிச்சிட்டது. கணக்கைப் பற்றி அப்போது அவர் நினைக்கவே இல்லை. விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். ஊர் திரும்பித்தான் சரிபார்த்தார்.

இதையெல்லாம் 1908-ல் பாரிஸ் உளவியல் சங்கத்தில் விவரித்தார். முதலில் பாடுபட்டு உழைத்தவனுக்கே உள்மனம் வேலை செய்யும், அந்தக் கண நேர நிச்சயம் சில சமயம் ஏமாற்றியும் விடும் என்பது அவர் கருத்து. தவறின் விலை அவருக்குத் தெரியும். 1889-ல் ஸ்வீடன் மன்னர் ஆஸ்காரின் 2,500 குரோனர் பரிசு பெற்ற கட்டுரையில், அச்சான பின் ஒரு பிழையைக் கண்டார். திருத்தி மறுபடி அச்சிட 3,585 குரோனர் கைவிட்டுக் கொடுத்தார். திருத்தும்போது கண்டதுதான் இன்றைய கேயாஸ் தியரிக்கு வித்து. பரிசைவிடப் பெரிய லாபம் என்பேன்.

1912-ல் தமது 58-வது வயதில் காலமானார். மனித மூளையின் மின் அலைகளை ஜெர்மானிய டாக்டர் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலில் பதிவு செய்தது 1924-ல்தான். 2004-ல் ஜங்-பீமன், கூனியோஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்களும் அவர்கள் சகாக்களும் சொற்புதிர்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். திடீரென்று விடை தோன்றியவர்களுக்கு, தோன்றியதாகப் பொத்தானை அழுத்துவதற்கு 0.3 விநாடி முன், வலது காதுக்குச் சற்று மேலே காமா அலை குபீரென எழுந்தது. அதற்கும் முன்னால், பார்வையைக் கவனிக்கும் பின்மூளையில் ஆல்ஃபா அலை கூடியிருந்தது. கண்ணுக்கு வருவதை மூளை ஒரு கணம் அடக்கி வைக்கிறது என்று அவர்கள் பொருள் கொண்டார்கள்.