அம்புக்கோவிலில் இருந்து ஆஸ்திரேலியா வரை: ஒரு புதுக்கோட்டை ராஜாவின் கதை



புதுக்கோட்டைப் பக்கம் ஏதாவது ஒரு ஊருக்குப் போய், டீக்கடையில பெரியவங்க பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. முதல் கேள்வி எந்த ஊர்னு வரும். ரெண்டாவது கேள்வி யார் வீட்டுப் பிள்ளைனு வரும். மூணாவது, குலதெய்வம் எங்கேனு வரும். இந்த மூணுக்கும் பதில் சொன்னா போதும், அஞ்சு தலைமுறைக்கு முன்னாடி உங்க குடும்பம் எங்கிருந்து கிளம்பி எங்க வந்து குடியேறுச்சுனு அவங்களே சொல்லிடுவாங்க.

அமெரிக்காவில் இதே வேலையைச் செய்ய மக்கள் காசு கொடுக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் இருந்து கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், எச்சிலைக் குழாயில் துப்பி டிஎன்ஏ சோதனைக்கு அனுப்புகிறார்கள். பழைய தேவாலயப் பதிவேடுகளைத் தேடி எடுத்து, கொள்ளுத்தாத்தா எந்தக் கிராமத்தை விட்டு வந்தார் என்று கண்டுபிடிக்கிறார்கள். வேரைத் தேடும் ஆசை எல்லா ஊருக்கும் பொதுதான்.

ஆனா ஒரு சந்தேகம். வம்சாவளிப் பட்டியலில் யார் பெயரை எழுதணும், யார் பெயரை விடணும்னு யார் முடிவு பண்றாங்க? இந்தக் கேள்வி நம்ம மாவட்டத்து ராஜா ஒருத்தரோட வாழ்க்கையையே புரட்டிப் போட்டது. அவர் பெயர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான்.

எங்கிருந்தோ வந்த குடும்பம்

முதலில் தொண்டைமான்கள் யார் என்று பார்த்துவிடுவோம். பெயரிலேயே விடை இருக்கிறது. தொண்டை மண்டலத்தில், திருப்பதிப் பக்கம் இருந்து தெற்கே வந்தவர்கள் என்பது அந்தக் குடும்பத்தின் வழிவழி வந்த வரலாறு. வந்து தங்கிய இடம் கறம்பக்குடிக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்கோவில். அதாவது புதுக்கோட்டையை ஆண்டவர்களும் ஒரு காலத்தில் இங்கே குடியேறி வந்தவர்கள்தான்.

அவர்கள் கைக்கு ராஜ்ஜியம் வந்ததில் ஒரு கல்யாணத்துக்கும் பங்கு உண்டு. ரகுநாதராயத் தொண்டைமானின் தங்கை காதலி நாச்சியார், ராமநாதபுரம் கிழவன் சேதுபதியை மணந்தவர். அந்த உறவோடு, வெள்ளாற்றுக்குத் தெற்கே உள்ள நிலப்பகுதி தொண்டைமானிடம் வந்தது. 1686-இல் இருந்து புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் ஆட்சியைக் கணக்கிடுகிறார்கள். ஒரு பெண்ணின் திருமணம் இந்த அரசுக்கு அடித்தளம் போட உதவியது என்பதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. பின்னாடி வேணும்.

அடுத்த நூறு வருஷங்களில் கர்நாடகப் போர்கள், ஹைதர் அலி, கட்டபொம்மன் என்று தமிழகமே கொதித்தபோது தொண்டைமான்கள் ஆங்கிலேயர் பக்கம் நின்றார்கள். 1799-இல் கட்டபொம்மன் பிடிபட்டது இந்தச் சீமையில்தான். அந்தப் பழி இன்னிக்கும் பேசப்படுது. ஆனால் அந்த நட்பினால்தான் சுற்றியுள்ள பாளையங்கள் எல்லாம் போன பிறகும் புதுக்கோட்டை மட்டும் தனி சமஸ்தானமாக மிஞ்சியது. சுமார் 1,178 சதுர மைல் பரப்பு. அம்மன் காசு என்று சொந்த நாணயம் கூட உண்டு.

பேரன் மகனானது எப்படி?

ராமச்சந்திரத் தொண்டைமான் 1839-இல் இருந்து 1886 வரை ராஜா. அவருக்குப் பின் பட்டத்துக்கு வர ஆண் வாரிசு இல்லை. அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய ஆபத்து தெரியுமா? பக்கத்தில் இருக்கும் தஞ்சாவூரையே பாருங்க. 1855-இல் அங்கே ராஜா ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி அந்த அரசையே எடுத்துக்கொண்டது.

புதுக்கோட்டை தப்பியது ஒரு காகிதத்தால். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் கொள்கையை மாற்றினார்கள். வாரிசு இல்லாத ராஜாக்கள் தத்து எடுத்துக்கொள்ளலாம் என்று 1862-இல் சமஸ்தானங்களுக்குச் சன்னது கொடுத்தார்கள். புதுக்கோட்டைக்கும் அது கிடைத்தது.

ராமச்சந்திரத் தொண்டைமானின் மூத்த மகளுக்கு 1875 நவம்பரில் ஒரு மகன் பிறந்தான். தாத்தா அந்தப் பேரனைத் தத்து எடுத்தார். மகள் வயிற்றுப் பேரன், சட்டப்படி மகன் ஆனான். அவர்தான் மார்த்தாண்ட பைரவர். 1886-இல் தாத்தா இறந்தபோது வயது பத்து.

பையன் வளரும் வரை ஆட்சியைக் கவனித்தவர் திவான் சேஷய்யா சாஸ்திரி. திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு 1878-இல் இங்கே வந்தவர். இன்னிக்கு நீங்க கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதினு பைக்ல சுத்தறீங்களே, அந்த நேர் நேரான தெருக்களைச் சீர்படுத்தியதில் அவர் பங்கு பெரியது.

1894 நவம்பரில் மார்த்தாண்டர் முழு அதிகாரம் பெற்றார். ஆங்கிலேய ஆசிரியர் ஒருவரிடம் படித்தவர். ஆங்கிலம் சரளம். ஐரோப்பியப் பயணங்களில் விருப்பம் அதிகம். ஊரில் இருக்கும் நாட்களை விட வெளியில் இருக்கும் நாட்கள் கூடிக்கொண்டே போயின. 1902-இல் மக்கள் பிரதிநிதிகள் சபை ஒன்று தொடங்கியதும், 1910-இல் திருக்கோகர்ணம் அருங்காட்சியகம் உருவானதும் அவர் காலத்தில்தான். அன்றாட நிர்வாகம் அதிகாரிகள் கையிலும், பிறகு திவானாக வந்த அவருடைய சொந்தச் சகோதரர் கையிலும் இருந்தது.

மெல்போர்னில் ஒரு கல்யாணம்

கதை இங்கதான் சூடு பிடிக்குது.

1915. ஐரோப்பாவில் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. மார்த்தாண்டர் அந்த வருஷம் ஆஸ்திரேலியாவில் இருந்தார். அங்கே மோலி பிங்க் என்ற பெண்ணைச் சந்தித்தார். முழுப்பெயர் எஸ்மி மேரி சோரெட் பிங்க். 1894-இல் பிறந்தவர், மெல்போர்ன்காரர். அப்பா வுல்ஃப் பிங்க் வழக்கறிஞர். அப்பாவுடன் பிறந்த தியடோர் பிங்க், மெல்போர்னின் பெரிய பத்திரிகை நிறுவனம் ஒன்றின் தலைவர்.

அந்தக் குடும்பமும் மெல்போர்னின் பூர்வகுடி கிடையாது. பிங்க் குடும்பம் யூதக் குடும்பம். தியடோர் பிறந்தது 1855-இல், இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவில் இருக்கும் குர்ன்சி என்ற குட்டித் தீவில். அங்கிருந்து கடல் கடந்து விக்டோரியாவுக்குப் பிழைக்க வந்தவர்கள். திருப்பதிப் பக்கம் இருந்து அம்புக்கோவில் வந்த குடும்பத்தின் வாரிசும், குர்ன்சியில் இருந்து மெல்போர்ன் வந்த குடும்பத்தின் பெண்ணும் சந்தித்துக்கொண்டார்கள்.

1915 ஆகஸ்ட் 10-ஆம் தேதி மெல்போர்னில் பதிவுத் திருமணம். மாப்பிள்ளைக்கு 39 வயது, பெண்ணுக்கு 20.

அது வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை உச்சத்தில் இருந்த காலம். 1901-இல் போட்ட குடியேற்றச் சட்டத்தால், ஒரு சாதாரண இந்தியத் தொழிலாளி அங்கே போய்க் குடியேறுவதே கிட்டத்தட்ட முடியாத காரியம். அந்த நாட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஓர் இந்தியரைக் கல்யாணம் செய்கிறார். பத்திரிகைகளுக்கு எவ்வளவு தீனி என்று நீங்களே யோசிச்சுக்கோங்க.

அஞ்சாறு மாசம்தான்

புதுமணத் தம்பதி அந்த வருஷக் கடைசியில் புதுக்கோட்டைக்கு வந்தார்கள். அப்போ நம்ம ஊருக்கு ரயில் கிடையாது, 1929-இல்தான் வந்தது. திருச்சியில் இருந்து சாலை வழிதான். ஊர் மக்கள் வரவேற்றார்கள். ஆனால் அரண்மனை உறவுகளுக்குள் ஒரு இறுக்கம். ஆங்கிலேய அதிகாரிகளிடம் அதைவிடப் பெரிய இறுக்கம்.

இத்தனை காலம் நண்பனாக இருந்த குடும்பத்து ராஜா, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை மணந்ததும் ஆங்கிலேய அரசு கதவைச் சாத்திக்கொண்டது. மோலியை மகாராணியாக ஏற்க மாட்டோம், அவருக்குப் பிறக்கும் பிள்ளைக்குப் பட்டம் கிடையாது என்பது அவர்கள் நிலை. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயச் சமூகம் அவரை விருந்துகளுக்குக் கூட அழைக்கத் தயங்கியது.

இதற்கு நடுவில் மோலி கர்ப்பமானார். அவருக்கு அரளி விஷம் வைக்கப்பட்டதாக ஒரு பேச்சு எழுந்தது. 1916 ஏப்ரலில் இருவரும் கிளம்பிவிட்டார்கள். ஜூலை 22-ஆம் தேதி சிட்னியில் மகன் பிறந்தான். வைத்த பெயர் மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான். அப்பாவின் பெயரும், பிறந்த ஊரின் பெயரும், அம்புக்கோவில் குடும்பத்தின் பட்டமும் ஒரே பெயரில்.

ஆனால் வம்சப் பட்டியலில் அந்தப் பெயருக்கு இடம் இல்லை.

இப்போ கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. அப்பா அந்தக் குடும்பத்துக்கு மகள் வயிற்றுப் பேரன். ஒரு சன்னது அவரை மகனாக்கி ராஜாவும் ஆக்கியது. அவருக்கே பிறந்த மகனை, அம்மா யார் என்பதைக் காட்டி அதே அரசு வாரிசு இல்லை என்றது. ரத்தத்தைப் பார்த்தால் அந்தப் பையன் தொண்டைமான் குடும்பத்துக்கு அப்பா எவ்வளவு நெருக்கமோ அதற்கு அடுத்த படிதான். காகிதத்தில் மட்டும் அவன் யாரோ ஒருவன்.

ஆங்கிலேயர் மட்டும்தான் காரணம் என்று சொல்லி நாமும் தப்பித்துக்கொள்ள முடியாது. அரண்மனை உறவுகள் மனதார ஏற்றிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும்? சாதி தாண்டி, மதம் தாண்டிக் கல்யாணம் செய்தவர்களை இன்னிக்கும் நம்ம வீடுகள் எப்படி நடத்துதுனு பார்த்தா, 1915 ரொம்பத் தூரத்துல இல்லைனு தெரியும்.

திரும்பி வராத ராஜா

அதன் பிறகு மார்த்தாண்டர் புதுக்கோட்டையில் வந்து ஆளவே இல்லை. சில வருஷங்கள் சிட்னியில் இருந்தார்கள். பிறகு ஐரோப்பா. கடைசியில் ஆங்கிலேய அரசுடன் ஓர் ஏற்பாடு. ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு ஆட்சிப் பொறுப்பில் இருந்து விலகினார். ராஜா என்ற பட்டம் மட்டும் அவரிடம் இருந்தது. 1922-இல் இருந்து அந்தச் சகோதரர் ரீஜென்டாக ஆண்டார். பிரான்ஸில், கடலோரக் கான் நகரில் மார்த்தாண்டர் குடும்பத்தோடு வாழ்ந்தார்.

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். ஒருத்தரோட காதலைப் பாராட்டலாம். ஆனால் 1901 கணக்குப்படியே சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர் இருந்த சமஸ்தானம் இது. கண்மாயில் தண்ணி நின்னாதான் சோறு என்ற வறண்ட சீமை. ராஜா பாரிஸிலும் கானிலும் செலவழித்த பணம் இந்த மண்ணில் விளைந்தது. அவருக்கு நடந்தது அநியாயம் என்பதும் நிஜம், அவர் தன் மக்களை விட்டுப் போனார் என்பதும் நிஜம்.

1928 மே 28-ஆம் தேதி பாரிஸில் இறந்தார். வயது 52. லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் தகனம். பிரகதாம்பாளின் தாசர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட குடும்பத்தின் ராஜாவுக்கு, திருக்கோகர்ணம் கோயில் மணி கேட்காத தூரத்தில் கடைசிக் காரியம் நடந்தது.

அந்த நவம்பரில் குடும்பத்தின் இன்னொரு கிளையில் இருந்து ஆறு வயதுப் பையன் ராஜகோபாலத் தொண்டைமான் பட்டத்துக்கு வந்தார். அவர்தான் கடைசி ராஜா. 1948 மார்ச் 3-ஆம் தேதி புதுக்கோட்டை இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. தனி மாவட்டமானது 1974-இல். பட்டியலில் பெயர் இருந்தவருக்கும் கடைசியில் ராஜ்ஜியம் தங்கவில்லை!

மோலி 1967-இல் கானில் காலமானார். சிட்னி தொண்டைமான் 1984 வரை வாழ்ந்தார்.

நமக்கு என்ன?

நம்மில் பாதிப் பேருக்கு மேல் படிப்பு, வேலை என்று வெளியூர், வெளிநாடு போகிற கனவு இருக்கிறது. சிலர் அங்கேயே குடும்பமாகிவிடுவோம். நம்ம பிள்ளைகள் பெயரும் ஒருநாள் மெல்போர்னும் கறம்பக்குடியும் கலந்த மாதிரி இருக்கலாம். அவங்களை ஊருக்குக் கூட்டிட்டு வரும்போது, குலதெய்வக் கோயில் வாசல்ல யார் வீட்டுப் பிள்ளைன்னு ஒரு பெரியவர் கேட்பார். பதில் சொல்ல நாம இருப்போம். அந்தப் பதிலை அவர் ஏத்துக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கு. இன்னும் முப்பது வருஷத்துல அந்தத் திண்ணையில கேள்வி கேட்கிற இடத்துல நாமதான் உட்கார்ந்திருப்போம்.

ராஜகோபாலத் தொண்டைமான் காலத்தில் எழும்பிய அரண்மனையில்தான் இப்போது புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. அடுத்த முறை ஒரு திங்கட்கிழமை அந்தப் பக்கம் போனால் குறைதீர் கூட்டத்தைக் கொஞ்சம் எட்டிப் பாருங்க. மனுக் கொடுக்கக் காத்திருப்பவர்களில் வாரிசுச் சான்றிதழுக்காக அலைகிறவர்களும் இருப்பார்கள். பட்டியலில் தன் பெயரையோ, தன் பிள்ளை பெயரையோ சேர்க்கச் சொல்லிக் கையில் காகிதத்தோடு.

சிட்னியில் பிறந்த அந்தத் தொண்டைமான் ஞாபகத்துக்கு வந்தாலும் வரலாம்.