சேர் றொபேட் வாற்சன்-வாற் (1892 - 1973)

மாணவர்களே, சீனன்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி காலை யப்பானியர் திருகோணமலையைத் தாக்கியபோது, விமானம் ஒன்று மோதியதால் அக்குதங்களுள் ஒன்று தீப்பற்றி எரிந்தது. அன்று அவ்விமானங்களின் வருகையை முன்னரே காட்டிய கருவி ராடார். அதனை உருவாக்கிய விஞ்ஞானியைப் பற்றி இங்கு அறிந்துகொள்வோம்.

வாற்சன்-வாற் 1892 ஏப்ரல் 13 இல் ஸ்கொட்லாந்தில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். டண்டீ நகரிற் பொறியியல் கற்றார். 1915 இல் வானிலைத் திணைக்களத்திற் சேர்ந்து, மின்னலிலிருந்து எழும் வானொலி அலைகளைக் கொண்டு இடிப்புயல்களின் திசையை அறியும் முறையை ஆராய்ந்தார்.

அக்காலத்தில் எதிரி விமானத்தை அதன் ஒலியைக் கேட்டே அறிந்தனர். இதற்கென இங்கிலாந்தின் தென்கரையில் பெரிய கொங்கிறீற் ஒலிக் கண்ணாடிகள் கட்டப்பட்டன. ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றரே செல்லும். ஆகவே 34 கிலோமீற்றர் தூரத்திலிருந்து அது வந்துசேர 100 செக்கன் ஆகும். அதற்குள் மணிக்கு 300 கிலோமீற்றர் வேகமுடைய விமானம் 8 கிலோமீற்றர் நெருங்கிவிடும். வானொலி அலையோ அதே தூரத்தைச் சென்று திரும்ப ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட எடுக்காது.

1935 இல், வானொலி அலையால் எதிரி விமானியைக் கொல்ல முடியுமா என்று அரசு இவரிடம் கேட்டது. முடியாது என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர் இவரது உதவியாளர் ஆர்னல்ட் வில்கின்ஸ். எனினும், விமானத்திற் பட்டுத் தெறிக்கும் அலையால் அதனைக் கண்டறியலாம் என இருவரும் கண்டனர். 1935 பெப்ரவரி 26 இல் டவென்றியில் நடந்த சோதனை இதனை நிரூபித்தது. குறையற்ற கருவிக்காகக் காத்திருந்தாற் போர் முந்திவிடும் எனக் கருதிய வாற்சன்-வாற், உடனே செய்யக்கூடியதைச் செய்தார். 1940 இல் பிரித்தானியாவைக் காக்க இவரது ராடார் நிலையங்கள் பெரிதும் உதவின.

இனி இலங்கையைக் கவனியுங்கள். 1942 ஏப்ரல் 5 இல் ராடார் எச்சரிக்கையின்றிக் கொழும்பு தாக்கப்பட்டது. நான்கு நாட்களின் பின் திருகோணமலை ராடார் ஏறத்தாழ 90 மைலுக்கு அப்பாலேயே எதிரியைக் கண்டது. சீனன்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் நேரத்துடன் மேலெழுந்தன. ஆயினும் துறைமுகம் சேதமடைந்தது. முதல்நாளிரவு துறைமுகத்தை விட்டுச் சென்ற ஹேர்மஸ் கப்பலில் விமானங்கள் இருக்கவில்லை. அது மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட, 300 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். கருவி நேரத்தைத் தரும். அந்நேரத்தைப் பயன்படுத்த ஆயத்தம் வேண்டும்.

1942 இல் சேர் பட்டம் பெற்ற இவர், 1973 டிசெம்பர் 5 இல் காலமானார்.

சிந்திக்க: குறையுள்ள கருவியாயினும் உரிய காலத்திற் கிடைப்பது ஏன் மேலானது? இரு காரணங்கள் தருக.